முட்டை கறுக்கும் நாள்

பூச்சியைத் தின்னும் பூச்சியை வளர்ப்பது என் தொழில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கரும்பு ஆலையின் ஒட்டுண்ணி ஆய்வகத்தில் சேர்ந்தேன். அங்கிருந்து ஓய்வு பெற்ற பிறகு பேளுக்குறிச்சியில் எங்கள் காட்டோரம் ஒரு சின்னக் கூடம் போட்டு, மரவள்ளி போடுகிறவர்களுக்காக அதே வேலையைச் செய்துவருகிறேன். சனிக்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள் மிளகும் சீரகமும் வாங்கிய கையோடு எட்டிப்பார்த்து, "உங்க குளவி எத்தனை பூச்சியைக் கொல்லுமுங்க?" என்று கேட்பார்கள். எண்ணிக்கை எனக்கு இரண்டாம்பட்சம். குளவி எந்த நாளில் வெளியே வருகிறது, அந்த நாளில் வயலில் பூச்சி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைத்தான் இந்தத் தொழிலில் முதலில் பார்ப்போம். அந்த இரண்டும் முன்போல இப்போது ஒத்துவருவதில்லை.

ஆலை ஆய்வகத்தில் வேலை கம்பில் தொடங்கும். உடைத்த கம்பைச் சூடேற்றி ஆறவைத்து, நிலக்கடலைத் தூளும் கொஞ்சம் கந்தகமும் கலந்து பேசினில் கொட்டி, அதன்மேல் அரிசி அந்துப்பூச்சியின் முட்டையைத் தூவித் துணி கட்டி வைப்போம். கார்சைரா என்று அறிவியல் பெயரில்தான் அதைக் கூப்பிடுவோம். நாற்பது நாள் வாக்கில் அந்து வரத் தொடங்கும். அவற்றைப் பிடித்து வலையடித்த டிரம்மில் விட்டால் இரவோடு இரவாக முட்டையிடும். காலையில் அந்த முட்டையைச் சலித்துச் செதில் நீக்கி, கருவை மட்டும் சாகடிக்கப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து, கோந்து தடவிய அட்டையில் தூவி, டிரைக்கோகிரம்மா குளவி இருக்கும் பையில் போடுவோம். குளவி என்றால் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். ஒரு அந்து முட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து வெளியே வருவது அது; கண்ணை இடுக்கிப் பார்த்தால் தூசி நகர்வதுபோல் தெரியும். ஒரு சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டை. நாலாம் நாள் அந்த வெள்ளை முட்டைகள் கறுக்கும். கறுத்தால் உள்ளே குளவி வளர்கிறது. ஏழெட்டு நாளில் முட்டையைக் கடித்துத் துளையிட்டு வெளியே வரும்.

அந்துச் செதிலை மூச்சில் இழுத்து எங்கள் கூட்டத்தில் பலருக்கு இளைப்பு வந்தது. முகக்கவசம் போடாமல் யாரும் இந்த வேலைக்குள் போகக் கூடாது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் தேதி எழுதாத அட்டையைக் கையில் வாங்கமாட்டார். "நாளைக்கு வெளிய வர்ற அட்டையை இன்னைக்குக் கட்டணும் தம்பி. நேத்தே வந்துட்டா பைக்குள்ள சாகும். நாளன்னைக்கு வந்தா எறும்பு தின்னுடும்" என்பார். அந்த ஒரு நாள் கணக்கைச் சுற்றித்தான் ஆய்வகமே ஓடியது. கரும்பின் இடைக்கணுப்புழுவுக்கு நடவிலிருந்து நாலாவது மாதம் தொடங்கி, 15 நாளுக்கு ஒருமுறை, எக்டேருக்கு 2.5 சி.சி. வீதம் ஆறு தடவை கட்ட வேண்டும் என்பது பரிந்துரை. மார்கழி, தை நடவுக்கு நாலாவது மாதம் எப்போது வருகிறது என்று விரல்விட்டுப் பாருங்கள். சித்திரை. கத்திரி வெயில் கொளுத்தும் நேரத்தில்தான் முதல் அட்டை வயலுக்குப் போகிறது.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது பெரிய இடைஞ்சலாக இல்லை. சாயங்காலம் நாலரைக்கு மேல் தோகையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் போட்டுக் கட்டினால் மறுநாள் விடியலில் வெளிவந்து பரவிவிடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும், கரும்புக்குள் குளுமை இருக்கும். அதே கணக்கில் அதே ஊர்களில் கட்டிய அட்டைகளைப் பிற்பாடு திரும்ப எடுத்துவந்து லென்ஸில் பார்த்தபோது வேறு காட்சி. முட்டை கறுத்திருக்கும், ஆனால் துளை இருக்காது. உள்ளேயே காய்ந்துவிட்டிருக்கும். துளை விழுந்த முட்டைகளிலிருந்து வந்தவையும் நாலைந்து நாள் வாழ வேண்டியவை ஒரு நாள், ஒன்றரை நாளில் முடிந்துபோயிருக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் டிரைக்கோகிரம்மாவின் ஆயுளும் முட்டையிடும் திறனும் விழுகின்றன என்பதை ஆய்வகங்கள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. அதை வயலில் தொடர்ந்து பார்க்க நேர்ந்தது கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில்தான்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. டிரைக்கோகிரம்மா எல்லா முட்டையிலும் முட்டையிடாது. இளசாக இருந்தால்தான் ஏற்கும். உள்ளே புழுவின் தலை உருவாகிவிட்டால் அதனால் பயனில்லை. வெயில் ஏறும்போது புழு முட்டை சீக்கிரம் பொரிகிறது. அதாவது குளவிக்குக் கிடைக்கும் இளம் முட்டைப் பருவமும் குறுகுகிறது, குளவியின் ஆயுளும் குறுகுகிறது. இரண்டு பக்கமும் குறுகினால் இடையில் விழும் நாட்களில் இட்ட முட்டையெல்லாம் புழுவாகித் தண்டுக்குள் போய்விடும். பதினைந்து நாள் இடைவெளி என்பது குளிர்ந்த கரும்புக் காட்டுக்குச் சரிப்பட்ட கணக்கு. கோடையில் மட்டும் அதே அளவை இரண்டாகப் பிரித்து, வாரத்துக்கு ஒருமுறை கட்டச் சொல்லி விவசாயிகளைக் கேட்டுக்கொண்டேன். ஆள் கூலி கூடும் என்று சிலர் தயங்கினார்கள். கட்டியவர்கள் காட்டில் புழு விழுந்த கணுக்கள் குறைந்ததைத் தோகை உரிக்கும்போது அவர்களே காட்டினார்கள்.

2012-ஆம் ஆண்டை எங்கள் தொழிலில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இருக்காது. 27 டிகிரியில் இருக்க வேண்டிய அறை வெளிவெயிலுக்கு ஏறிவிடும். முதலில் அந்துப்பூச்சி முட்டையிடுவது குறைந்தது. பிறகு, வெளிவரும் நாளைத் தள்ளிப்போடக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அட்டைகள் கணக்கில்லாமல் முந்திக்கொண்டன. பெட்டியைத் திறந்தால் பையின் உள்பக்கம் முழுக்கக் குளவி. வயலுக்குப் போக வண்டி மறுநாள்தான். உலகம் சூடாவதால் இயற்கையில் என்ன நடக்கும் என்று இப்போது பேசும்போதெல்லாம் அந்த ஆண்டின் அறைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. புழுவும் இருந்தது, குளவியும் இருந்தது, ஒன்று இருந்த நாளில் மற்றொன்று இல்லை.

பூச்சிகள் நாளை எண்ணுவதில்லை, சூட்டை எண்ணுகின்றன. ஒவ்வொரு இனமும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலான சூட்டைச் சேர்த்துச் சேர்த்து, தனக்கு வேண்டிய அளவு சேர்ந்ததும் அடுத்த பருவத்துக்குப் போகிறது. அந்த அளவு பயிர் தின்னும் பூச்சிக்கு ஒன்று, அதன் ஒட்டுண்ணிக்கு ஒன்று. சூடு ஓரளவுக்குள் இருக்கும்வரை இரண்டும் ஏறக்குறைய சேர்ந்து ஓடும். எல்லை தாண்டினால் பெரும்பாலும் ஒட்டுண்ணிதான் முதலில் விழுகிறது. அமெரிக்காவில் புகையிலைப் புழுவை வைத்துச் செய்த ஆய்வுகளில் புழு தாங்கிப் பிழைத்த வெப்பத்திலேயே அதன் உடலுக்குள் இருந்த குளவிக் குஞ்சுகள் செத்துப்போயின; புழு மட்டும் தின்று பெருத்தது. கனடாவிலிருந்து பிரேசில் வரை 15 இடங்களின் புழுப் பதிவுகளைச் சேர்த்து ஸ்டைர்மன் உள்ளிட்டோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, மழை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாகும் இடங்களில் ஒட்டுண்ணி தாக்கிய புழுக்களின் விகிதம் குறைவதைக் காட்டியது. ஒரே இனப் புழுவை நம்பி வாழும் குளவிகளுக்கு அதில் அதிக அடி.

எப்போதும் குளவிக்கே நட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளில் ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. குளிர்ந்த, ஆனால் வெயிலடிக்கும் வசந்தத்தில் அதன் கறுப்புப் புழுக்கள் வெயில் காய்ந்து வேகமாக வளர்ந்து கூட்டுப்புழுவாகிவிடும். நிழலில் கூடு கட்டிக் கிடக்கும் குளவி வெளியே வரும்போது பிடிக்கப் புழு இருக்காது. காற்றே சூடாக இருக்கும் ஆண்டுகளில் குளவி வந்து சேர்ந்துவிடுகிறது. குளிர் நாட்டில் ஒன்றிரண்டு டிகிரி கூடுவது குளவிக்கு நன்மையாகக்கூட முடியலாம். நம் ஊர்க் குளவிகள் ஏற்கெனவே தாங்கும் எல்லையின் ஓரத்தில் வாழ்கின்றன. 2024 ஏப்ரல் இறுதியில் சேலம், ஈரோடு, கரூர் பரமத்தியில் வெயில் 42 டிகிரி அளவுக்குப் போனது. அதற்குமேல் கூடும் ஒவ்வொரு டிகிரியும் இங்கே வேறு கணக்கு.

மரவள்ளிக்கு வருகிறேன். பேளுக்குறிச்சியிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வரைக்கும் இரண்டு பக்கமும் மரவள்ளி. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கு இது. இதில் இரண்டு மாவுப்பூச்சிகள் வந்துபோன கதையை அருகிலிருந்து பார்த்தேன்.

முதலாவது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-இல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடாமல் பரவியது. மேலே மெழுகுப் பொடி மூடியிருப்பதால் மருந்து உடம்பில் ஒட்டாது. விவசாயிகள் அடித்த மருந்தில் செத்தவை பெரும்பாலும் நன்மை செய்யும் பூச்சிகளே. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரியை வேரோடு பிடுங்கினார்கள். 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், அப்போது அதற்குப் பெயர் வேறு, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற மஞ்சள் குளவி சிறப்பாக வேலை செய்தது. அக்டோபரில் தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள். அடுத்த கோடைக்குள் பூச்சி அடங்கியது. இந்தியாவில் உயிரியல் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த பெரிய வெற்றிகளில் அது ஒன்று. ஐப்பசியில் விட்டதும் அதற்கு உதவியது என்பது என் எண்ணம். மழையும் பனியும் கலந்த நாலு மாதம் குளவிக்குப் பெருகக் கிடைத்தது. வெயில் வரும்போது ஊரெல்லாம் குளவி இருந்தது.

இரண்டாவது, மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி. 2020-இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, சீக்கிரமே நம் மாவட்டத்துக்கு வந்தது. நுனிக் குருத்து சுருண்டு முட்டைக்கோசு மாதிரி குவியும், கணுவிடை குட்டையாகும், தண்டு கோணும். இந்தப் பூச்சியில் ஆண் கிடையாது. ஒவ்வொன்றும் பெண், ஒவ்வொன்றும் சேராமலேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எழுபதுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை இதே பூச்சி அழித்தபோது, பராகுவேயில் 1981-இல் கண்டெடுத்த அனகைரஸ் லோபெசி என்ற குளவிதான் காப்பாற்றியது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல்முறையாக வயலில் விட்டார்கள்.

மாசி கடைசி. கோடை வாசலில் நிற்கிறது. எங்கள் பக்கத்துக்குக் குளவி வந்ததும் எங்கே விடுவது என்று கேட்டார்கள். காய்ச்சலில் கிடந்த மானாவாரிக் காடுகளை விட்டுவிட்டு, சொட்டுநீர் ஓடுகிற, வரப்பில் மரநிழல் உள்ள தோட்டங்களில் மட்டும் விடச் சொன்னேன். அந்தத் தோட்டங்களில்தான் ஆனி வரை குளவி தாக்குப்பிடித்தது. அங்கிருந்துதான் ஆடிக் காற்றில் பக்கத்துக் காடுகளுக்குப் போனது.

இந்தக் குளவியின் போக்கைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கூடத்தில் ஒரு நுனிக் குருத்தைக் கண்ணாடிக் குழாயில் போட்டு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெண் குளவி மாவுப்பூச்சியின் முதுகில் ஏறாது. உணர்கொம்பால் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சுற்றிவரும், அதன் பருமனை அளக்கிறது. ரொம்பக் குஞ்சாக இருந்தால் குத்தி, கசியும் நீரை உறிஞ்சிவிட்டுப் போகும். அந்தக் குஞ்சு செத்துவிடும். நடுத்தர அளவு என்றால் ஆண் முட்டை வைக்கும். நன்றாக வளர்ந்ததில்தான் பெண் முட்டை. ஒரு பூச்சிக்கு ஒரே குளவி. சில நாளில் மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகி, பீப்பாய்போல் இறுகிவிடும். ஒரு முனையில் வட்டமாக மூடி கழன்றிருந்தால் குளவி போய்விட்டது என்று அர்த்தம்.

பருமன் பார்த்து முட்டை வைக்கிற இந்தப் பழக்கத்தால் வெயிலின் பாதிப்பு இரட்டிப்பாகிறது. கடும் கோடையில் தண்ணீரில்லாத மரவள்ளியில் மாவுப்பூச்சி நெருக்கியடித்துச் சிறுத்துக் கிடக்கும். குளவிக்குக் கிடைப்பதெல்லாம் சின்ன உடம்பு. பங்குனி, சித்திரையில் மானாவாரிக் காட்டிலிருந்து எடுத்துவந்த பழுப்புக் கூடுகளில் ஆண் குளவிகள் அதிகம் வருவதைப் பல கோடைகளாகப் பார்க்கிறேன். ஆண் குளவி எத்தனை இருந்தும் அடுத்த தலைமுறைக்குப் பூச்சி பிடிக்க ஆளில்லை. கோடை மழை பெய்து செடி துளிர்க்கும்போது மாவுப்பூச்சி முதலில் எழும். குளவி ஒரு தலைமுறை பிந்தி வரும்.

கொல்லிமலைக்கு ஏறினால் இதன் மறுபக்கம் தெரியும். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் சோளக்காடு போனால் வெப்பம் ஆறேழு டிகிரி குறைவு. செம்மேட்டைச் சுற்றி மரவள்ளி நிறைய உண்டு. சாமையும் கேழ்வரகும் இருந்த மேட்டில் இப்போது அதுதான். அங்கே சித்திரையிலும் குளவி நிதானமாக வேலை செய்கிறது. வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் பூச்சியும் மெதுவாகத்தான் வளர்கிறது. ஒரு குருத்தில் குஞ்சு, நடுத்தரம், பெரியது என்று எல்லாப் பருவமும் கலந்திருப்பதால் எந்த நாளில் வெளிவந்த குளவிக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும். கீழே வெயில் எல்லாவற்றையும் ஒரே பருவத்துக்குத் தள்ளிவிடுகிறது. அந்தப் பருவம் தவறினால் குளவிக்கு வேறு போக்கில்லை.

மலைமேல் காடு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பழுப்புக் கூடு உள்ள குருத்தைக் கேட்டு வாங்கி, விடியல் பேருந்தில் ஈரத்துணி சுற்றிய பெட்டியில் கொண்டுவருவேன். "எங்க மலைப் பூச்சி உங்க ஊரு வெயில்ல நிக்குமா சாமி?" என்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனி பிறந்து காற்று குளிர்ந்த பிறகுதான் அவற்றைக் கீழே விடுகிறேன். கோடையில் அழிந்த காட்டில் திரும்பக் குடியேற்ற மலைக் குளவி உதவும். கோடையைத் தாண்ட வைக்கும் வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது.

விவசாயிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மாவுப்பூச்சி பிடித்த குருத்தைக் கிள்ளி உடனே எரிக்காதீர்கள். உள்ளே பழுப்புக் கூடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, உள்விளிம்பில் கிரீஸ் தடவி, மரத்தடி நிழலில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். ஊர்ந்து ஏறும் குஞ்சுப் பூச்சி கிரீஸில் மாட்டும். குளவி பறந்து காட்டுக்குப் போய்விடும். அதன் பிறகு எரித்துக்கொள்ளலாம். செடியில் எறும்புச் சாரை ஏறினால் முதலில் அதைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் தேன் துளிக்காக எறும்பு காவல் காத்துக் குளவியை விரட்டும். வரப்பில் தட்டைப்பயறும் இடையில் சின்ன வெங்காயமோ உளுந்தோ இருந்தால் மண் சூடு தணியும். விதைக்குச்சியைப் பூச்சியில்லாத காட்டிலிருந்து வாங்குங்கள். சித்திரையில் பூச்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்று மருந்தடித்தால் தப்பிப் பிழைத்துக் கிடக்கும் கொஞ்சக் குளவியும் போய், ஆடி வரை காட்டைக் காக்க எதுவும் மிஞ்சாது.

ஆய்வகங்களுக்கும் அரசுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. குளிரூட்டிய அறையில் தலைமுறை தலைமுறையாக 26, 27 டிகிரியில் வளர்த்த குளவியைக் கொண்டுபோய் 41 டிகிரி வெயிலில் விடுகிறோம். பெங்களூர் நிறுவனம் டிரைக்கோகிரம்மாவில் வெப்பம் தாங்கும் ரகம் ஒன்றை முன்பே தேர்ந்தெடுத்து உருவாக்கியிருக்கிறது. முடியும் என்பதற்கு அதுவே சான்று. மரவள்ளிக் குளவிக்கும் அதைச் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய வித்து நம் காடுகளிலேயே இருக்கிறது. வைகாசி முடிவில் சமவெளியின் காய்ந்த தோட்டங்களில் இன்னும் உயிரோடு கிடைக்கும் பெண் குளவிகள் அந்தக் கோடையைத் தாங்கியவை. அவற்றை அந்த வாரத்திலேயே சேகரித்து, தனியே பெருக்கி, அடுத்த தை மாதம் விவசாயிக்குக் கொடுக்க ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் அறையும், தடைபடாத மின்சாரமும், பயிற்சி பெற்ற இரண்டு பேரும் போதும். சேந்தமங்கலம், இராசிபுரம் வட்டாரங்களில் முதலில் தொடங்குங்கள். சேகரித்துக் கொடுக்க நான் தயார்.